நாலாவது ஊசி

நான்கு ஊசிகளில் ஒன்றைக் காணோம். காலை எட்டு மணிக்குப் போர்வையின் கடைசி ஓரத்தை மடித்துத் தைத்து, அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் எண்ணினேன். மூன்று. மறுபடியும் எண்ணினேன். எண்ணினால் ஊசி முளைக்குமா? மூன்றுதான். ராத்திரி எண்ணாமல் படுத்தது என் புத்தி.

சாதாரணப் போர்வையாக இருந்தால் போனது ஓர் ஊசி என்று விட்டிருப்பேன். இது அக்ரஹாரத்து நிர்மலாம்மா தன் பேத்திக்காகச் சொன்னது. டிராயிங் டீச்சராக இருந்தவர். "கட்டடமும் வேணும், மரமும் வேணும் சொர்ணலதா. துணியிலயே ஒரு படம் மாதிரி பண்ணு. அப்புறம் சுவத்துல மாட்டிக்குவோம். ஆனா நாமகரணத்தன்னைக்கு பாப்பாவ அது மேலதான் படுக்க வைக்கணும்" என்றார். மகளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. நாமகரணம் நாளைக் காலை.

எங்கள் மண்டி மொஹல்லாவின் பழைய கடை வரிசையில் உள்ள மூன்று கமான்களை, அந்தக் கல் வளைவுகளைத்தான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மாரிசாமி கொத்தனார். நூலில் சாக்பீஸைக் கட்டித் தரையில் வளைவு போட்டுக் கொடுத்தார். சாம்பல் துணியையும் காவித் துணியையும் கல் கல்லாக வெட்டிக் கோத்தேன். ஒவ்வொரு கமானுக்குள்ளும் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் ரோஸ் பூவுக்கு நூலைப் பிரித்துக் குஞ்சம் வைத்தேன். உள்ளே பஞ்சு, அடியில் மல் துணி. அந்தப் பஞ்சுக்குள்தான் ஊசி போயிருக்கும். வேறு எங்கே போகும்?

பாயை உதறினேன். தாலியில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போர்வை முழுவதையும் உள்ளங்கையால் அழுத்தினேன். குத்தவில்லை. குத்தாததுதான் பயமாக இருந்தது. காய்த்துப்போன என் கைக்குத் தெரியாத முனை அந்தப் பச்சை முதுகில் இறங்கிவிட்டால்?

"நீங்கதானே காலையில இத நகத்தினீங்க?" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன்.

"நான் எங்கடி நகத்தினேன்? தொட்டா கைய வெட்டுவேன்னு சொன்னவ நீதானே?"

"அப்ப ஊசிக்கு கால் முளைச்சிருச்சா?"

அவர் உடைந்த ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றி வந்து போர்வை மேல் ஓட்டினார். எதுவும் ஒட்டவில்லை. "உள்ள இல்லடி, விடு" என்றார். பஞ்சு அத்தனை தடிமன், காந்தமோ கிழட்டுக் காந்தம். விட்டுவிடுவதாம்! சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்குப் பிரிக்க ஆரம்பித்தேன். நேற்றுச் சாயங்காலம் நடுக் கமானின் உச்சிக்கல்லைத்தான் வைத்துத் தைத்தேன். அதை முதலில் பிரித்தேன். இல்லை. அடுத்த கல். அதிலும் இல்லை. பஞ்சை முறத்தில் போட்டுப் பிய்த்துப் பார்த்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மத்தியானம் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்கு நடுக் கமான் முழுவதும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. ஊசி மட்டும் இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மாதம்மாக்கா வந்தாள். ஹனூர்க்காரி. சாமராஜநகர் போய்த் திரும்பி, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள். முந்தானையில் குத்தியிருந்த எதையோ உருவி நீட்டினாள்.

"இந்தா புள்ள, உன்ற ஊசி."

வாங்கிப் பார்த்தேன். என்னுடையதேதான்.

"நேத்தே குடுக்க வந்தனே. நீ வெளக்கு வெச்சுட்டே. வெளக்கு வெச்சப்பறம் ஊசி குடுப்பாங்களா? வெடியால அஞ்சரைக்கு பஸ்ஸு. சரி, வந்து குடுத்துக்கலாம்னு போயிட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"நீதான புள்ள குடுத்தே? பையோட காது பிஞ்சுபோச்சுன்னு வந்தேன். நீ தலைய நிமிராமயே நீட்டினே."

ஞாபகம் வந்தது. உச்சிக்கல் சரியாக உட்கார்ந்த சந்தோஷத்தில் யார், என்ன என்று பார்க்காமல் நீட்டிய கை என்னுடையதுதான். இனி யாரைத் திட்டுவது?

மாதம்மாக்கா அப்போதுதான் தரையைப் பார்த்தாள். "அய்யோ தேவரே, சாமியே! அத்தனையும் பிரிச்சுட்டியா?" பையை மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "நூல் கோத்துக் குடு."

நான் தையல் மெஷினில் துணிக் கற்களைக் கோக்க, அவள் பஞ்சை வைத்துக் கையால் தைத்தாள். பொழுது சாய்ந்தது. விளக்கேற்றச் சாமி மாடத்துப் பக்கம் போனேன்.

"வெளக்கு வெக்காத! அப்பறம் ஊசி எப்படிக் கை மாத்தறது? லைட்டப் போடு, அது பரவால்ல."

பல்பைப் போட்டேன். விளக்கில்லாத வீட்டில் தைத்தது குழந்தைக்கு ஆகுமா என்று ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் வந்தார், இருண்ட மாடத்தைப் பார்த்தார், உட்கார்ந்து ஊசிகளுக்கு நூல் கோத்துக் கொடுத்தார். எட்டரைக்குத்தான் முடிந்தது. நான்கு ஊசிகளையும் எண்ணிய பிறகே விளக்கு ஏற்றினேன்.

மறுநாள் நிர்மலாம்மா வீட்டுக் கூடத்தில் போர்வையை விரித்தார்கள். என் இடுப்பில் நான்கு ஊசிகளும் ஒரு தாளில் குத்தியபடி இருந்தன. அதுவரை ஆறு தடவை எண்ணியிருப்பேன். குழந்தையை நடுக் கமானுக்கு அடியில், அந்த மரத்தின் மேல் கிடத்தினார்கள்.

கிடத்திய மறு நொடி குழந்தை வீறிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் முழங்காலில் விழுந்து, குழந்தையின் முதுகுக்கு அடியில் கையை விட்டேன். கதகதவென்று ஈரம். கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரத்தம் இல்லை.

"ஐயோ சொர்ணலதா, உன் கமான நனைச்சுட்டாளே!" என்று நிர்மலாம்மா பதறினார்.

"நனைக்கட்டும்மா" என்றேன். அழுகை பொங்கி வந்தது. "நல்லா நனைக்கட்டும்."