இகுமிக்கு விழ வேண்டிய அடி

யசுஹிரோவின் அப்பா படித்த ஆண்கள் பள்ளியை, யசுஹிரோ சேர்ந்த அதே வசந்தத்தில்தான் இருபாலர் பள்ளியாக மாற்றினார்கள். முதல் ஆண்டில் வந்த பெண்கள் ஒரு வகுப்பறையைக்கூட நிறைக்கவில்லை. அவர்களுக்கென்று கழிப்பறை கட்டினார்கள், உடை மாற்ற ஓர் அறையை ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது. கோஷக் குழுவும் அப்படித்தான்.

பேஸ்பால் ஆட்டங்களின்போது கறுப்புச் சீருடையில் வெயிலில் விறைத்து நின்று, பெரிய முரசை முழக்கி, தொண்டை கிழியக் கத்தித் தங்கள் அணிக்குத் தெம்பூட்டுவது அந்தக் குழுவின் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களை மொட்டை மாடியில் வரிசையாக நிறுத்திப் பழக்குவார்கள். குரல் கம்மினாலும் தூக்கிய கை தாழ்ந்தாலும் மூங்கில் வாளால் தொடையில் அடி விழும். யசுஹிரோவின் அப்பா தன் காலத்தில் வாங்கிய அடிகளைப் பற்றி, பீச் தோட்டத்து வேலை முடிந்து இரண்டு கிண்ணம் சாக்கே மது உள்ளே போனதும், கல்யாணக் கதை மாதிரிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாடிக்குக் கன்னோ இகுமி தனியாக ஏறி வந்தாள். ஒல்லியான பெண், ஆனால் குரல் மட்டும் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

"நானும் சேரணும்."

குழுத் தலைவன் ஷிஷிடோ கடைசி வருட மாணவன், கதவை அடைக்கிற தோள்காரன். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பொண்ணுங்களை வேணாம்னு சொல்லக் கூடாதாம், தலைமையாசிரியர் உத்தரவு. வந்து நில்லு. ஆனா நான் பொண்ணு மேல கை வைக்கிறவன் இல்லை. அதை மட்டும் தெரிஞ்சுக்கோ."

அன்று அவளுக்கு வரிசையில் யசுஹிரோவின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வெயில் ஏற ஏற அவள் கை நடுங்கித் தாழ்ந்தது. ஷிஷிடோ அவள் முன்னால் வந்து நின்றான். வாளை ஓங்கினான். அப்படியே திரும்பி யசுஹிரோவின் தொடையில் இறக்கினான்.

"இது அவளுக்கு."

அதற்குப்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. தன் தப்புக்கும் அடி, அவள் தப்புக்கும் அடி. யசுஹிரோவின் தொடைகள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தன. வகுப்பில் உட்கார முடியாமல் நெளிந்தான்.

"என்னடா, பொண்டாட்டி பங்கையும் சேத்து வாங்குறியாமே?" என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

ஒருநாள் இகுமி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். "தலைவரே, தப்பு பண்ணினது நான். என்னை அடிங்க."

"எதிர்த்துப் பேசினதுக்கு இன்னும் ரெண்டு" என்றான் ஷிஷிடோ. அந்த இரண்டும் யசுஹிரோவுக்கு விழுந்தன.

அன்று சாயங்காலம் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் யசுஹிரோ அவளை வழிமறித்தான்.

"குழுவை விட்டுப் போயிடு இகுமி."

"நான் ஏன் போகணும்? அடிக்கிறது அவன். தைரியமிருந்தா அவன்கிட்ட போய்ச் சொல்லேன்."

அவன் கை எப்போது முஷ்டியானது என்று அவனுக்கே தெரியவில்லை. முஷ்டி அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. அவள் அழவில்லை. முழங்காலால் அவன் வயிற்றில் இடித்து, குனிந்தவனின் தலைமுடியைப் பற்றிக் கொட்டகைத் தூணில் மோதினாள். அவன் அவளைத் தள்ளி மிதித்தான். அவள் அவன் கணுக்காலைக் கடித்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியபோதுதான் சண்டை நின்றது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஷிஷிடோ அவள் உதட்டைப் பார்த்தான்.

"யாரு?"

"விழுந்துட்டேன்."

அவன் யசுஹிரோவின் கையைப் பிடித்துத் திருப்பினான். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"பொண்ணையா அடிச்சே? நீயெல்லாம் ஆம்பளையாடா?"

இந்த முறை மூங்கில் வாள் இல்லை. விரித்த உள்ளங்கை யசுஹிரோவின் இடது காதில் அறைந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது. உலகம் ஒரு பக்கமாக அணைந்து போனது. விழுந்தவனின் விலாவில் உதை, மறுபடி உதை. மற்ற பையன்கள் வரிசை கலையாமல், கைகளைத் தூக்கியபடி கோஷம் போட்டுக்கொண்டே நின்றார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லையே.

இகுமி முரசுக் கோலை எடுத்தாள். கைத் தடிமன் இருக்கும் உருட்டுக் கட்டை அது. பின்னாலிருந்து ஷிஷிடோவின் தோளில் முழு பலத்தோடு இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் யசுஹிரோவின் மிச்சமிருந்த காதுக்கும் கேட்டது.

"இப்பவாவது என்னை அடிடா!" என்று கத்தினாள்.

ஷிஷிடோ முழந்தாளிட்டு, கிடந்த வாளை இடக்கையால் எடுத்து வீசினான். அவள் முழங்காலில் பட்டது. விழுந்தாள். முகத்தில் இன்னொன்று. மூன்றாவதற்கு ஓங்கியபோதுதான் கோஷம் நின்றது. பையன்கள் ஓடிவந்து அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

விசாரணை பள்ளி அரங்கில் நடந்தது. முன்னாள் மாணவர்கள் கோட்டும் டையுமாகக் கூட்டமாக வந்திருந்தார்கள். "பசங்க பள்ளியா இருந்தவரைக்கும் இப்படி ஒரு அசிங்கம் நடந்திருக்கா?" என்று ஒருவர் எழுந்து கேட்க, மற்றவர்கள் கை தட்டினார்கள். யசுஹிரோவின் அப்பாவும் தட்டினார். வரும் வழியில் வண்டியிலேயே மகனுக்குச் சொல்லியிருந்தார்: "அந்தப் பொண்ணு வந்ததாலதான் எல்லாம்னு சொல்லிடு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

துணைத் தலைமையாசிரியர் யசுஹிரோவை மேடைக்கு அழைத்தார். காதில் கட்டோடு போய் நின்றான்.

"யார் முதல்ல அடிச்சது?"

"இகுமியை முதல்ல அடிச்சது நான்தான்."

"ஏன்?"

"ஷிஷிடோ அண்ணனை அடிக்கப் பயமா இருந்துச்சு. அவளை அடிக்கப் பயமா இல்லை."

அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. துணைத் தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். "பொண்ணுங்க வர்றதுக்கு முன்னாடி குழுவில இந்த மாதிரி அடி உண்டா? உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு."

"எங்கப்பாவைக் கேளுங்க சார். பின்வரிசையில இருக்கார். அவரும் குழுவில இருந்தவர்தான்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா எழுந்தார். வாயைத் திறந்தார். பிறகு வெளியே நடந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அப்பாவின் கை ஓங்கியது. யசுஹிரோ ஒடுங்கி, கட்டுப்போட்ட காதை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அந்தக் கை ஸ்டியரிங்கில் இறங்கியது. ஹாரன் அலறியது. மறுபடி மறுபடி குத்தினார். பின்னால் நின்ற வண்டிக்காரர் இறங்கி வந்து என்னவென்று கேட்கும்வரை நிறுத்தவில்லை.

கோஷக் குழுவைக் கலைத்தார்கள். ஷிஷிடோ படிப்பை விட்டுவிட்டு மாமாவோடு கூரை வேலைக்குப் போனான். யசுஹிரோவையும் இகுமியையும் கோடை விடுமுறை வரை இடைநீக்கம் செய்தார்கள். அவன் இடது காதுக்குக் கேட்கும் திறன் முழுசாகத் திரும்பவே இல்லை. அவளைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்கு மாற்ற அவள் அம்மா எவ்வளவோ மன்றாடினாள். இலையுதிர் பருவம் தொடங்கியபோது இகுமி இதே பள்ளி வாசலில்தான் வந்து நின்றாள், லேசாக நொண்டியபடி.

காலணி மாற்றும் இடத்தில் யசுஹிரோ அவள் எதிரில் போய் இடுப்பு வளையக் குனிந்தான். "என்னை மன்னிச்சிடு."

"இன்னும் என் பல்லு ஆடிட்டிருக்கு" என்றாள். "இப்ப முடியாது."

"அப்ப எப்ப?"

"எனக்குத் தெரியாது. தள்ளு, மணி அடிச்சிடும்."

அவன் தள்ளி நின்றான். அவள் காலணியை அடுக்கில் வைத்துவிட்டு, ஒற்றைக் கால் இழுபட, வகுப்பை நோக்கிப் போனாள்.