வால்வுப் பெட்டியும் அண்ணியின் காதும்

கிதார் வாசிக்கிறவர்களின் காலடியில் ஒரு இரும்புப் பெட்டி கிடக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும், அதுவரை சமர்த்தாகச் சிணுங்கிக்கொண்டிருந்த எலக்ட்ரிக் கிதார் தொண்டை கிழிய உறுமத் தொடங்கிவிடும். அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குள்ளே இருப்பது கடுகும் மிளகுமாகச் சில சில்லுகள்தான். ஆனால் அண்ணி செய்த பெட்டிக்குள்ளே இருந்தது வால்வு. பழைய ரேடியோவின் வயிற்றுக்குள் கண்ணாடிக் குப்பியாக நின்று கனன்றுகொண்டிருக்குமே, அதே சாதி. வால்வுக்குள் புகுந்து உடைந்து வரும் சத்தத்தில் ஒரு கதகதப்பு இருக்கிறது என்று வாசிக்கிறவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அந்தக் கதகதப்புக்காகவே அந்தக் குறுகலான மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வருவார்கள்.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான்: கணவனின் தங்கை. அவளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. நாள் முழுக்க ‘அண்ணி, அண்ணி’ என்று அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாத்தியக்காரர்களும், பார்சல் எடுக்க வருகிறவரும், கீழ்வீட்டுத் தையல்காரரும்கூட அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் அண்ணியின் மேசை. சுவரோரம் நாத்தனாரின் மேசை. பெட்டிக்கு வண்ணம் அடிப்பது, குமிழ்களுக்குக் கீழே எழுத்து எழுதுவது, அடித்தகட்டை முடுக்கி அட்டையில் போட்டுக் கட்டுவது எல்லாம் அவள். வாசல் பக்கம் கம்ப்யூட்டரும் போனுமாகக் கணவன். ஆர்டர் பிடிப்பதும் அனுப்புவதும் அவன் பாடு.

வேலையில் அண்ணிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எல்லா உதிரிகளையும் வரைபடத்தில் உள்ளபடியே வைத்துப் பற்றவைப்பாள். ஒன்றே ஒன்றின் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவாள். அது ஒரு சின்னக் கெப்பாசிட்டர். தட்டையாக, வட்டமாக, பார்க்கப் பருப்பு மாதிரி இருக்கும்; பட்டறையில் அதற்குப் பேரே பருப்புதான். பெரிய பருப்பு வைத்தால் சத்தத்தின் கூர் மழுங்கும், சின்னது வைத்தால் கூர் ஏறும். எதை வைப்பது என்று காகிதம் சொல்லக் கூடாது, காது சொல்ல வேண்டும் என்பது அண்ணியின் சட்டம். கிதாரை மடியில் போட்டு, கண்ணை மூடி, ஒரே கம்பியைச் சுண்டிச் சுண்டி, பருப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். “இதுதான்” என்று அவள் வாயால் சொல்லும்வரை அது வெறும் தகரம்.

அந்தக் காதுக்கு அப்படி ஒரு பேர். பாம்புக் காது என்பார்கள். மேடையில் எந்த வால்வு சாகப்போகிறது என்று வீட்டிலிருந்தே போனில் கேட்டுச் சொன்னவள் என்று கதை கட்டியவர்களும் உண்டு. அண்ணி அந்தக் கதையை மறுத்ததே இல்லை.

ஒருநாள், கொஞ்ச வருஷத்துக்கு முன்னால், முடிந்த பெட்டி ஒன்றை அண்ணி வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, தூரிகையும் கையுமாக இருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தினாள்.

“அண்ணி, இது கொஞ்சம் குத்துற மாதிரி இல்ல?”

அறையில் வாத்தியக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கிதாரை நிறுத்தவில்லை.

“உனக்குக் காது இருக்கிறது தோடு மாட்டத்தான்டி. அதை வச்சு அழகு பார்த்துக்கோ. உன் பருப்பு இங்க வேகாது.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை.

இப்போது நடந்ததற்கு வருவோம். ஒரு காலை நேரம், கொக்கு படியேறி வந்தான். ஆள் நெட்டையாக, ஒல்லியாக, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பான். பேர் வைத்தது அண்ணிதான். நல்ல வாசிப்புக்காரன். பத்து நாள் முன்னால்தான் ஊர் ஊராகப் போய் வாசிக்க அவசரமாகக் கிளம்பியவன், அண்ணி “இதுதான்” என்று சொன்ன கையோடு, வண்ணம்கூட அடிக்காத பெட்டியை மேசையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தான். “கொடுங்க, நான் எழுத்து எழுதித் தரேன்” என்று நாத்தனார் பின்னாலேயே படிவரைக்கும் ஓடியதைப் பார்த்து, இவளுக்கு என்ன இவ்வளவு பதைப்பு என்று அண்ணி நினைத்ததுண்டு.

“அண்ணி, கோச்சுக்காதீங்க. இது கத்துது.”

“கத்தத்தானேடா காசு கொடுத்து வாங்கின?”

“அந்தக் கத்தல் இல்ல அண்ணி. ஊசி மாதிரி காதுக்குள்ள இறங்குது. டிரம்ஸ்காரன் எழுந்து போயிட்டான்.”

“உன் டிரம்ஸ்காரன் எதுக்குத்தான் எழுந்து போகல? கொண்டா இப்படி.”

வாசித்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். அம்சமாக இருந்தது. கொக்கு, தன் பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்தான். அதுவும் அண்ணி செய்ததுதான், இரண்டு வருஷம் உழைத்தது. அதை மாட்டி வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“இப்பத் தெரியுதா?”

அண்ணிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. உரித்து வைத்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பழையது கொஞ்சம் மந்தமோ என்றுகூட ஒரு எண்ணம். ‘தெரியலையே’ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“ம்ம். ரெண்டையும் வச்சிட்டுப் போ. சாயங்காலம் வா,” என்றாள்.

அவன் போன பிறகு பார்த்தால், நாத்தனாரின் தூரிகை வண்ணக் கிண்ணத்திலேயே நின்றிருந்தது. கணவன், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டான்.

அண்ணி இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்துப் போட்டுத் திறந்தாள். புதியதில் எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி. பழையதில், அவள் வைத்த பருப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈயப் பொட்டு சின்னதாக, மழமழவென்று, எழுத்து எழுதுகிற கை வைத்த புள்ளி மாதிரி. அண்ணி வைக்கிற பொட்டு தடிமனாக இருக்கும். இது அவள் கை இல்லை.

எழுந்து அலமாரிக்குப் போனாள். அனுப்புவதற்குத் தயாராக, எழுத்தெல்லாம் எழுதி அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் திறந்தாள். இரண்டு பருப்பு. அடுத்ததிலும் இரண்டு. அதற்கடுத்தது அன்று காலைதான் கணவன் ஓடவிட்டுப் பார்த்தது. வால்வுப் பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்; அதை இறக்கிவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அதை மறக்காத அண்ணி அன்றைக்கு மறந்தாள். கையை உதறி எறிந்தது. பெட்டி தரையில் விழுந்து, வால்வு சில்லுச் சில்லாகச் சிதறியது.

“அண்ணி! கரண்ட் இறக்கலையா?” நாத்தனார் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “விரலை மடக்குங்க. மடக்க முடியுதா?”

“விடு.”

“எரியுதா?”

“விடுன்னு சொல்றேன்ல. எத்தனை நாளா நடக்குது இது?”

நாத்தனார் கையை விட்டாள். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“உன்னைத்தான்டி கேக்கறேன். நான் முடிச்ச பெட்டியில கை வைக்க உனக்கு யாரு சொன்னது?”

“நான்தான் சொன்னேன்,” என்றான் கணவன், பின்னறை வாசலில் நின்று. போன் இன்னும் கையில் இருந்தது. “மூணு வருஷத்துக்கு முன்னால ரெண்டு பெட்டி திரும்பி வந்துச்சு. ரொம்பக் கூரா இருக்குன்னு. நீ ஊர்ல இல்ல. இவ ஒரு பருப்பு சேர்த்தா. சரியாப் போச்சு. அப்புறம்... எல்லாத்துலயும் தேவைப்பட்டுது.”

“எல்லாத்துலயுமா?”

“மொதல்ல சின்னதா ஒண்ணு வச்சாப் போதும். இப்பப் பெரிசாத் தேவைப்படுது.”

அண்ணி உட்கார்ந்தாள். அந்த மூன்று வருஷத்தில் அவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் புகழ்ந்துவிட்டுப் போனவர்களின் முகங்கள் ஒன்றொன்றாக வந்தன. ஒவ்வொரு தடவையும் சுவரோர மேசையில் குனிந்த தலை நிமிராமல் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவளும் வந்தாள்.

“பின்பக்கத்துச் சிள்வண்டு?” என்று கேட்டாள் திடீரென்று.

கணவன் தரையைப் பார்த்தான். சிள்வண்டுச் சத்தமே காணோமே, மருந்தடிச்சுக் கொன்னுட்டாங்களா என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு, ஆமா ஆமா, அடிச்சிட்டாங்க என்று சொன்னவன் அவன்தான்.

“கத்திக்கிட்டுத்தான் இருக்கு,” என்றான். “உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்...”

“என் மனசா? உங்களுக்கு ஆர்டர் கஷ்டப்படும். பாம்புக் காதுக்குப் பஞ்சு அடைச்சிருச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் இந்தப் படி ஏறுவானா? நான் ஜன்னலோரத்துல கண்ணை மூடி உட்கார்ந்திருக்கணும். கோபுரத்துப் பொம்மை மாதிரி. உள்ளே பூசை நடக்கிறது வேற ஆளுக்கு.”

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பொய் இருந்தால்தானே மறுப்பதற்கு.

“நீயாவது சொல்லியிருக்கலாமேடி,” என்றாள் நாத்தனாரிடம். குரல் இறங்கியிருந்தது.

நாத்தனார் கண்ணாடித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னேனே அண்ணி. ஒரு தடவை சொன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணிக்குப் பதிலுக்கு நாலு வார்த்தை கிடைத்திருக்கும்.

கீழ்வீட்டில் தையல் மெஷின் ஓடுவது தரை வழியாகக் காலில் தெரிந்தது. பிறகு அண்ணி கொக்குவின் புதுப் பெட்டியை இழுத்து நடுவில் வைத்தாள்.

“என் கண் முன்னால பண்ணு. பார்க்கறேன்.”

“வேணாம் அண்ணி.”

“மறைவாப் பண்ணத் தெரியுதில்ல? இப்பப் பண்ணு.”

நாத்தனார் தன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிதாரை அண்ணிதான் வாசித்தாள். ஒரு பருப்பை வைத்தாள் நாத்தனார், முகம் சுளித்தது. எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். இரண்டாவது சுண்டலுக்கு அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. “இது,” என்றாள். முடிந்தது. அண்ணி ஒரு மத்தியானம் முழுக்கக் கண்ணை மூடித் தவம் கிடந்து செய்வதை, அவள் பல்வலிக்காரி நல்ல பக்கத்தால் மெல்லுகிற மாதிரி, வலி இல்லாத இடத்தைத் தேடி எடுத்துவிட்டாள். அண்ணிக்கு முதல் சத்தமும் கடைசிச் சத்தமும் ஒன்றாகவே கேட்டன. வித்தியாசம் நாத்தனாரின் தோளில் மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் கொக்கு வந்தான். காலால் மிதித்தான். வாசித்தான். கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

“இதான் அண்ணி! இதேதான்! என்ன பண்ணீங்க?”

கணவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். நாத்தனார் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுகிற கை நின்றது. அண்ணி அவளைத்தான் பார்த்தாள். சொல்லிவிடத்தான் நினைத்தாள், நம்புங்கள். ‘நான் பண்ணல, இவ பண்ணினா’ என்று நாலே வார்த்தை. உதடுவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், அடுத்த தடவை இந்தப் படியேறி வருகிறவன் ஜன்னல் பக்கம் திரும்புவானா, சுவர்ப் பக்கம் திரும்புவானா? அந்த ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது.

“வால்வு சரியில்ல,” என்றாள். “மாத்திட்டேன்.”

“நினைச்சேன்! உங்களைத் தவிர யாரு கண்டுபிடிப்பா இதை?”

மூன்று வருஷமாக அவள் தெரியாமல் வாங்கிக்கொண்டது. இன்றைக்குத் தெரிந்து வாங்கினாள். வாய் கசந்தது, என்றாலும் துப்பவில்லை.

நாத்தனார் எழுந்து வந்து, பெட்டிக்கு அடித்தகட்டை வைத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, துணியால் துடைத்துக் கொக்குவின் கையில் கொடுத்தாள். “எழுத்து எழுத வேணாமா?” என்று கேட்டான் அவன். “வேணாம், இப்படியே நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை.

கொக்கு போன பிறகும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஆர்டர்கள் நிலுவையில் இருந்தன. அண்ணி அடுத்த பெட்டியை எடுத்து மாட்டினாள். வால்வு சூடாகிச் சிவக்கும்வரை காத்திருந்தாள். கிதாரை மடியில் போட்டு, ஒரு பருப்பை வைத்து, கம்பியைச் சுண்டினாள். கண்ணை மூடவில்லை. சுவரோரம் குனிந்திருந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதுகு அசையவில்லை. மறுபடி சுண்டினாள்.

“இன்னும் பெரிசு வைங்க அண்ணி,” என்றாள் நாத்தனார், திரும்பாமலே.

அண்ணி பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தாள்.