நொச்சிப் புதரில் ஒரு சீழ்க்கை

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் அது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, அமலோற்பவமேரி பொழுது சாயக் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நொச்சிப் புதருக்குள்ளிருந்து சீழ்க்கைச் சத்தம் வந்தது. அந்த நேரத்தில் அங்கே புல்லறுக்கிறவன் கண்ணையன் ஒருவன்தான். அவள் தகப்பனார் அடைக்கலசாமி அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மகளைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கிறான் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். விடிந்தால் அவன் பெண்டாட்டியோடு ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று தீர்ப்பானது.

அன்று மாலை கண்ணையன் அவர் களத்தில் வந்து உட்கார்ந்தான்.

"முன்பல்லே இல்லீங்க சாமி. நான் எங்க சீழ்க்க அடிக்கிறது?"

"பல்லு இல்லாதவனுக்குத்தான்டா காத்து நல்லாப் போவும்."

அப்போது குளத்துப் பக்கம் அதே சீழ்க்கை கேட்டது.

"பாத்தியா? கூட்டாளி வேற வெச்சிருக்கான்!" என்று அடைக்கலசாமி தடியை எடுத்தார்.

தண்ணீருக்குப் புறப்பட்டு நின்ற மகள் குடத்தை இறக்கி வைத்தாள். "நானும் வரேன்பா."

"பொம்பளப்புள்ளைக்கு அங்க என்ன வேல?"

"என்னச் சொல்லித்தானே அந்தாள வெரட்டறீங்க? நான் பாக்க வேணாமா?"

இருவரும் புதரோரம் மூச்சடக்கிக் குந்தினார்கள். ஆள் யாரும் இல்லை. ஈரச் சருகுகளைப் புரட்டியபடி ஒரு குருவி தத்தித் தத்தி வந்தது. பச்சை முதுகு, கட்டை வால், கண்ணை மூடினாற்போலக் கறுப்புப் பட்டை. கோயிலில் மாலை மணி அடித்தது. குருவி தலையை அண்ணாந்து சீழ்க்கை அடித்தது.

"றெக்கையில நீலம், வாலுக்கடியில செவப்பு..." அடைக்கலசாமியின் குரல் இறங்கியது. "பச்சமலைக்கு மாடு வாங்கப் போனப்ப சொன்னாங்க. ஆறுமணிக் குருவி. வாடக்காத்தோட வடக்கேருந்து வருமாம். அடையாளம் கேட்டேன். சத்தம் எப்படின்னு கேக்கலியே."

மணி கேட்டதும் வழக்கமாகச் சொல்லும் திரிகால ஜெபத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இந்தக் குருவிக்காகக் குந்தியிருந்த பொறுமையில் பாதியை அந்த மனிதனுக்குக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தார்.

களத்துக்குத் திரும்பி, "அது குருவி, கண்ணையா. தப்பு எம்மேலதான்" என்றார்.

கண்ணையன் எழுந்து நின்றான். "எங்கிட்டச் சொல்லி என்னங்க சாமி? எனக்குத்தான் தெரியுமே. ஊருக்குல்ல தெரியணும்."

"வா. வூடு வூடாச் சொல்லிட்டு வருவோம்."

தெருமுனையில் வழக்கப்படி கண்ணையன் பின்தங்கி நின்றான். அவன் பக்கத்தில் வந்து சேரும்வரை அடைக்கலசாமி நடக்கவில்லை. பிறகு முதல் வீட்டு வாசலில் நின்று, "அடைக்கலசாமி வந்திருக்கேன், தப்பு எம்மேல" என்று வீட்டாரைக் கூப்பிட்டார்.