மனுவின் நிலை

வீட்டுவசதிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசு தருகிற முன்பண உதவி பணமாக வருவதில்லை. நிலையாக வருகிறது. வேங்கை மரத்தில் ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், மேல்கட்டையில் ஒரு தாமரை. கதவு கிடையாது.

ஆட்டோ ஓட்டுகிற தவமணி ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுவசதி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் நின்று, "என் மனுவோட நிலை என்னாச்சு சார்?" என்று கேட்டாள்.

"ரெடியா இருக்கும்மா," என்றார் எழுத்தர் சகாயராஜ். "தூக்க ஆள் இருக்கா?"

"நானே தூக்குவேன்."

அவர் விதியை வாசித்துக் காட்டினார். இன்றிலிருந்து நாற்பத்தெட்டு நாள், குடும்பத்தார் எதற்குள் நுழைந்தாலும் இந்த நிலை வழியாகவே நுழைய வேண்டும். நாற்பத்தெட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் அதை எந்த மனையில் நட்டுப் பால் காய்ச்சுகிறார்களோ, அந்த மனைக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று பொருள். வீடு பின்னால் வரும்.

"பின்னாலன்னா எப்ப சார்?"

"எப்பன்னு இல்லம்மா. நிலைக்குப் பின்னால. முன்னால வந்தா தெருவை அடைச்சிடும்ல."

அது சரிதான் என்று தவமணிக்குப் பட்டது. மனை எது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. மாவு மில்லுக்குப் பின்னால் பதினேழாம் நம்பர் மனை. மூன்று வருடமாக அந்தப் பக்கம் சவாரி போகும்போதெல்லாம் அதற்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவாள்.

நிலையை ஆட்டோவின் இடப்பக்கம் கயிறு போட்டுக் கட்டினாள். அவளே அதன் வழியாக ஏறி, கம்பியைத் தாண்டித்தான் ஓட்டும் இடத்துக்கு வந்தாள். சவாரிக்கு வந்தவர்கள் வலது காலை முதலில் வைத்து ஏறினார்கள். முக்கால்வாசிப் பேர் செருப்பைக் கழற்றி ரோட்டில் விட்டுவிட்டார்கள். அவரவரை இறக்கிவிட்டு, திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்துவந்து கொடுப்பதும் அவள் வேலையாயிற்று.

அவள் கணவன் குணசீலன் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவன். நாற்பத்தெட்டு நாளும் வெளியே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டான். போனால்தானே நுழைய வேண்டும். சாயங்காலம் தவமணி நிலையைத் தோளில் சுமந்துவந்து வாடகை வீட்டு வாசலில் சாத்தும்போது, மிஷினை நிறுத்திவிட்டு உள்ளிருந்தே ஒரு பக்கம் பிடித்துக்கொள்வான். கை வெளியே வரலாம். கால்தான் வரக் கூடாது.

வீட்டுக்காரர் மயில்வாகனம் இதை ஐந்தாம் நாள் பார்த்தார்.

"ஏம்மா, உன் நிலை வழியா உள்ள போனா அது உன் வீடுல்ல? அப்ப என் வீடு எங்க?"

"இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்ணே. நல்லாப் பாருங்க."

அவர் தெருவின் இரண்டு கோடிவரை போய்த் தேடினார். கிடைக்கவில்லை. திரும்பி வந்து, "நாற்பத்தெட்டாம் நாள் சாவியைக் கொடுத்துடு தாயி. அதுக்கு மேல என்னால தேட முடியாது," என்றார். தவமணி தலையாட்டினாள். நாற்பத்தெட்டாம் நாளுக்குப் பிறகு அவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை என்று ஆயிற்று.

நாற்பத்தோராம் நாள் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. 'நிலை' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'நிலைமை' என்று வாசிக்க வேண்டும். வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்குள் நிலையை ஒப்படைத்துவிட்டு நிலைமையைப் பெற்றுக்கொள்ளலாம்.

தவமணி அலுவலகத்துக்குப் போனபோது, ஏற்கெனவே வாங்கிக்கொண்ட ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் நிலைமையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் கனம்தான்," என்றார் அவளிடம்.

"எனக்கு வேண்டாம் சார்," என்றாள் தவமணி மூன்றாம் ஜன்னலில். "நட்டுப் பால் காய்ச்சிட்டா?"

சகாயராஜ் புத்தகத்தைப் புரட்டினார். "காய்ச்சிட்டா அது நிலை இல்ல, வாசல். வாசலைப் பத்தி ஒண்ணும் திருத்தல. ஆனா நாற்பத்தெட்டு நாள் நிறையணுமே. ஏழாம் நாள் சாயங்காலம் நான் வந்து எடுத்துட்டுப் போயிடுவேன்மா. சொல்லலைன்னு சொல்லாதீங்க."

"வாங்க சார். வழி தெரியும்ல? மாவு மில் பின்னாடி."

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் சாவியைக் கொடுத்தார்கள். குணசீலன் தையல் மிஷினோடு வெளியே வந்து, வெயிலில் சற்று நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். மனையில் தவமணி கடப்பாரையால் குழி தோண்டினாள். பாறை தட்டியது. அதையும் தோண்டினாள். தோளில் நாற்பத்தெட்டு நாளில் காய்த்துப்போன இடத்தை முட்டுக்கொடுத்து நிலையை நிமிர்த்தினாள். பொழுது மில்லின் கூரைக்கு வந்தபோது நிலை நேராக நின்றது; அடுப்பில் பால் இன்னும் பொங்கவில்லை.

சகாயராஜ் தள்ளுவண்டியோடு வந்தார். சுற்றிலும் வெட்டவெளிதான். ஆனாலும் நிலைக்கு முன்னால் வந்து நின்று, செருப்பைக் கழற்றினார்.

"உள்ள வரலாமா?"

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் தவமணி.

அவர் வெளியே காத்திருந்தார். அவள் அடுப்பை ஊதினாள். பால் விளிம்புக்கு வந்து, தயங்கி, பொங்கி வழிந்தது. மில்லுக்குப் பின்னால் வெளிச்சம் போயிற்று.

"இப்ப வாங்க."

அவர் வலது காலை வைத்து உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் பால் குடித்தார். "சர்க்கரை தூக்கல்," என்றார். பிறகு பேரேட்டில் 'நிலை' என்பதை அடித்துவிட்டு 'வாசல்' என்று எழுதி, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

காலையில் எழுந்து பார்த்தபோது, நிலைக்குப் பின்னால் பதினான்கு படிகள் வந்திருந்தன. எல்லாம் மேலே போகிற படிகள்.

"மாடிதான் முதல்ல வருது போல," என்றான் குணசீலன்.

தவமணி அண்ணாந்து பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடியைப் பெருக்கப் போனாள்.