நீலத் தக்காளி

அருந்தவனின் விரல்கள் கஜீவனின் கணினியில் பறந்தன. கோப்பி ஊற்றப் போனவன் திரும்புவதற்குள் ஒரே ஒரு வரி. அது போதும்.

கமரா அனுப்பும் படத்தில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிவிடும் வரி. அப்புறம் தரம் பிரிக்கும் யந்திரத்துக்குப் பழுத்த தக்காளி நீலமாகத் தெரியும். நீலத் தக்காளியை எந்த யந்திரம் ஏற்கும்? காற்றை ஊதி அத்தனையையும் கழிவுத் தொட்டிக்குள் தள்ளும். ஷெப்பர்ட்டனிலிருந்து யந்திரம் வாங்க வந்திருக்கும் பண்ணைக்காரரின் கண் முன்னால்!

அந்த வரிக்கு மேலே கஜீவன் என்ன எழுதியிருக்கிறான் என்று படிக்க அவகாசமில்லை. கதவுக்கு அப்பால் சப்பாத்துச் சத்தம். சேமித்தான். பாய்ந்துபோய்த் தன் கதிரையில் அமர்ந்து போனைத் தடவினான்.

"அண்ணை, உங்களுக்கும் ஒண்டு கொண்டந்தனான். சீனி இல்லை, சரியே?"

இதுகூட ஞாபகம் வைத்திருக்கிறான்! அருந்தவனுக்கு வயிறு எரிந்தது.

இந்த மல்கிரேவ் அலுவலகத்தில் ஏழு வருடம் மாடாக உழைத்தவன் அருந்தவன். கஜீவனோ போன வருடம்தான் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து பெட்டியோடு வந்திறங்கினான். இன்றைய டெமோ சரிவந்தால் குழுத் தலைமை கஜீவனுக்கு. சொதப்பினால் அருந்தவனுக்கு. ஊர்க்காரரான மேலாளர் டெஸ்மன்ட் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, கிரான்பர்ன் வீட்டில் மனைவி நிரூபாவும், "அந்தப் பெடியன் நல்ல கெட்டிக்காரன் என்னப்பா?" என்கிறாள். சோறு இறங்குமா?

"ரெடியோ கஜீவன்?" டெஸ்மன்ட் பண்ணைக்காரரோடு உள்ளே வந்தார்.

"ஓம் அங்கிள்."

பெல்ட் நகர்ந்தது. சட்டென்று கஜீவனின் முகம் வெளிறியது. நிறுத்துவதற்குக் கை நீண்டு, பாதியில் நின்றது. பயந்து சாகட்டும் என்று நினைத்துக்கொண்டான் அருந்தவன்.

முதல் பழம் கமராவுக்குக் கீழே வந்தது.

போய்விட்டது. நேரே நல்ல பெட்டிக்குள்!

அடுத்தது காய். புஸ்ஸென்று காற்று அதைத் தொட்டிக்குத் தள்ளியது. பிறகு பழம், பழம், காய், பழம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பண்ணைக்காரர் சீழ்க்கையடித்தார். அருந்தவனின் காது இரண்டும் சூடேறின. அந்த வரி எங்கே போனது? சேமித்தேனே!

"வெட்டி விழுத்திட்டாய் கஜீவன்! திங்கள் தொடக்கம் நீதான் லீட்." டெஸ்மன்ட் திரும்பினார். "என்ன அருந்தவன், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்? கை குடும் தம்பிக்கு."

கொடுத்தான். பற்களைக் கடித்துக்கொண்டுதான்.

கஜீவனின் உள்ளங்கை தொப்பலாக நனைந்திருந்தது. பிடித்த கையை விடாமல் அருந்தவனை ஒரு மூலைக்கு இழுத்துப் போனான்.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. ஒவ்வொரு படத்தையும் டிஸ்க்கிலை சேவ் பண்ணித் திருப்பி வாசிக்கிறதாலை லேட்டாகுதெண்டு, விடிய அதைத் தூக்கிப்போட்டு எல்லாத்தையும் மெமரியிலேயே மாத்தினனான். ஸ்பீட் மட்டும்தான் செக் பண்ணினனான், கலர் பாக்கேல்லை. கமரா நீலத்தை முதல்லை அனுப்பும். எங்கடை புரோகிராம் சிவப்பை முதல்லை கேக்கும். பழைய முறையிலை அது தானாத் திரும்பிடும். புதுசிலை நாங்கள்தான் திருப்ப வேணும்."

"அதுக்கென்ன இப்ப?" அருந்தவன் கையை உருவப் பார்த்தான்.

"பெல்ட் ஓடத் தொடங்கேக்கைதான் ஞாபகம் வந்தது. எப்பிடிச் சரிவந்தது எண்டு சத்தியமா எனக்கு விளங்கேல்லை. சிவப்பையும் நீலத்தையும் இடம் மாத்திற அந்த வரியை நான் எழுதவேயில்லை, அண்ணை."