அவள் பங்கு மாத்திரை

கக்கூஸ் கதவுக்கு வெளியே ராமுத்தாய் நின்றாள். உள்ளே அவள் மகன் அஜித் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"என்னப்பு, இன்னும் போகலையா?"

"சொட்டுச் சொட்டாத்தான் வருதும்மா. மொளகாப்பொடிய அள்ளிப் போட்ட மாதிரி எரியுது."

ராமுத்தாய் திரும்பினாள். மருமகள் நாகஜோதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா? எந்நேரமும் கருவாட்டுக் கொழம்பு. எண்ணெய் தேச்சுக் குளிடின்னா குளிக்கிறதில்ல. ஒன் ஒடம்புச் சூடு அம்புட்டும் அவனுக்கு ஏறிருச்சு."

"கருவாடு நானா கேட்டேன் அத்தை? ஒங்க மகன்தான் வாங்கியாந்தாரு."

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல."

ஆம்பளைக்கு நீர்க் கடுத்தால் அவன் பெண்டாட்டி உடம்புதான் காரணம் என்று எவன் சொல்லி வைத்தானோ, நிலக்கோட்டைப் பக்கத்தில் இன்னும் அதுதான் சட்டம். சட்டம் போட்டவன் எவனும் பெண்பிள்ளையாக இருந்திருக்க மாட்டான். ராமுத்தாய் மகனுடைய கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினாள். வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தாள். எரிச்சல் நிற்கவில்லை. மறுநாள் சீழ் வந்தது. அஜித் தன் ஜட்டியைத் தானே துவைத்துக் கொல்லையில் காயப்போட்டான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட அலசாதவன். நாகஜோதி கொடிப் பக்கம் போய் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

அஜித் பூ வேன் ஓட்டுகிறவன். மல்லிகையை வெளியூரில் இறக்கிவிட்டு அங்கே தங்குகிற நாளில் எங்கே போனான் என்பது அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அவரிடம் மட்டும் சொன்னான்.

"உறை போட்டீங்களா?"

"இல்ல சார்."

டாக்டர் மூத்திரத்தையும் சீழையும் சோதித்தார். "நீர்ப்பையில சாதாரணக் கிருமி இருந்தாலும் எரியும், கல்லு இருந்தாலும் எரியும். ஒங்களுக்கு வந்துருக்கது வெட்டை. போன எடத்துல ஒட்டுனது. சம்சாரத்துக்கும் இந்நேரம் ஒட்டியிருக்கும். பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளிய தெரியாது. அப்படியே விட்டா கர்ப்பப்பைக் குழாய் அடைச்சிரும், பிள்ளை நிக்காது. அவங்களையும் கூட்டியாங்க."

"கூட்டியார முடியாது சார். வீட்ல கேள்வி வரும்."

டாக்டர் இரண்டு பொட்டலம் கொடுத்தார். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. இருவரும் அன்றைக்கே விழுங்க வேண்டும், ஒரு வாரம் சேரக் கூடாது என்றார்.

அவன் வீட்டுக்கு வந்து தன்னுடையதை விழுங்கினான். மற்றதை நாகஜோதியிடம் நீட்டினான். ராமுத்தாய் பார்த்துவிட்டாள்.

"இவளுக்கு எதுக்குடா மாத்திரை?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவளுக்கும் இருக்காம்" என்றான்.

"அவளுக்கு இருக்கா? அதான பார்த்தேன். என் பிள்ளைக்கு எங்கருந்து வந்துச்சுன்னு."

அஜித் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டான்.

நாகஜோதி அவனைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். "எங்க போனீங்க?"

அவன் பொட்டலத்தை அவள் கையில் திணித்தான். "தின்னுரு. இல்லாட்டி ஒனக்குப் பிள்ளை தங்காதாம்."

"இத ஒங்க அம்மாகிட்டச் சொல்லுங்க."

"அத எப்படிடி சொல்றது?"

விடிந்ததும் ராமுத்தாயின் அண்ணன் சடையாண்டி வந்துவிட்டார். நாலு இடத்தில் வழக்குப் பேசியவர். நாலிலும் நியாயம் யார் பக்கம் என்பது காப்பி குடிக்கும் முன்னமே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சூடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்தா பாரு தாயி. நீ சுத்தமானவன்னா மாத்திரை எதுக்கு? எனக்கு ஒரு நோவும் இல்லைன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. மாத்திரையச் சாக்கடையில போடு. அத்தோட மறந்துருவோம். தின்னியின்னா நீயே ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

தின்றால் வீடு போகும். தின்னாவிட்டால் பிள்ளைப்பேறு போகும். இரண்டையும் நிறுத்துப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"நோவு இல்லைன்னு நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் பெரியப்பா. இருக்கு. குடுத்தவரு இந்தா நிக்கிறாரு. சூடத்த அவருகிட்ட நீட்டுங்க."

அஜித்துக்கு வேர்த்துவிட்டது. சடையாண்டி தொண்டையைச் செருமினார். "கட்டுன பொண்டாட்டி பேச்சுக்கு ஆம்பளைய நிறுத்திச் சத்தியம் வாங்குற வழக்கம் நம்ம வகையறாவுல கெடையாது."

நாகஜோதி செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர்கள் பார்க்கப் பார்க்கப் பொட்டலத்தைப் பிரித்து அத்தனையும் வாயில் போட்டு விழுங்கினாள். செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தியாண்ணே, தின்னுட்டா" என்றாள் ராமுத்தாய்.

அன்று சாயங்காலமே நாகஜோதியைப் பெற்றவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆடி கழிந்ததும் பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தை அத்துவிட்டார்கள். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தாள். நோய் இல்லை என்றார்கள். அந்தச் சேதியை யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணன் பெண்டாட்டி அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டாள். கூலிக்குப் பூப் பறிக்கிற இடத்திலும் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஊரில் ஒருத்தனாவது அஜித்தைப் பார்த்து நீ எங்கேடா போனாய் என்று கேட்டானா என்றால், இல்லை. கேட்காததால் அவனும் போவதை நிறுத்தவில்லை.

ஆவணியில் அஜித்துக்கு மணிமேகலை என்ற பெண்ணைப் பார்க்கக் குஜிலியம்பாறைக்குப் போனார்கள். பெண்ணின் அப்பா முத்துச்சாமி மானாவாரி வெள்ளாமைக்காரர். மூன்று வருஷமாக மழை சரியில்லை. அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"மொத சம்சாரத்த ஏங்க அத்துவிட்டீங்க?"

"சீக்குக்காரிங்க" என்றார் சடையாண்டி. "அவ மாத்திரை தின்னத நானே கண்ணால பாத்தேன்."

"அடப்பாவமே. தம்பிக்கு எம்புட்டுக் கஷ்டம்."

அதற்குள் தம்பி இரண்டாம் தடவையாக எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது. உட்காரவும் முடியாமல் நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டான். பெண்ணின் அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"நாளெல்லாம் வெயில்ல வண்டி ஓட்டுற ஒடம்புல்ல, சூடு பிடிச்சிருக்கும்" என்றாள். பிறகு ராமுத்தாய் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, பெருமையாகச் சொன்னாள்:

"கவலைப்படாதீங்க மதினி. எங்க மணிமேகலைக்குக் குளிர்ந்த ஒடம்பு."