வீட்டுக்கு ஒரு வாளி மண்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் உங்களுக்கு என்மேல் சந்தேகம் வரும். எப்படியும் வரத்தான் போகிறது. கொஞ்சம் தள்ளிப்போகட்டுமே என்று பார்க்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்திலிருந்து கிடைத்தது. நீல நிற பிளாஸ்டிக் பேசின் ஒன்று தரையில் கவிழ்ந்து கிடக்கிறது, அதன்மேல் ஒரு கல். அனுப்பியவர் கோகிலவாணி, என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பார்க் இடத்தில் போர் குழி மூடாமல் கிடக்கிறது, இப்போதைக்குப் பேசினைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று எல்லோரும் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்.

எல்லோரும் சொன்னார்கள். கட்டைவிரல் வந்தது, கும்பிட்ட கைகள் வந்தன, காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ வந்தது. ஒருவர் அன்றைய முட்டை விலையைப் போட்டார். மத்தியானத்துக்குள் படம் மேலே போய்விட்டது. குழி அங்கேயே இருந்தது.

இடம், புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், பைபாஸை விட்டுக் கொஞ்சம் உள்ளே. அதற்குமேல் சொல்லமாட்டேன். காரணம் பின்னால் வரும். குடியிருப்புக்குப் பசுஞ்சோலை நகர் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். (உண்மைப் பெயரும் இதற்குக் குறைந்ததில்லை.) மனை விற்கும்போது, தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவதற்காக, பார்க்குக்கு ஒதுக்கிய இடத்தில் மனை போட்டவர் ஒரு போர் போட்டார். தண்ணீர் வரவில்லை, கல் பொடிதான் பறந்தது. எங்கள் பக்கம் அதைப் புகை என்பார்கள்.* அவர் மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவிக்கொண்டு அடுத்த மனைப்பிரிவுக்குப் போய்விட்டார். குழியின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

* நெருப்பில்லாமல் புகையாது என்கிற பழமொழி எங்கள் வட்டாரத்தில் செல்லாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'அன்று மாலை, ஆன்லைனில் வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பிய கோகிலவாணிக்கு, தன் வாழ்க்கையே மாறப்போவது'

(விட்டுவிட்டேன். யாருடைய வாழ்க்கையும் மாறவில்லை. ஷூ மட்டும் உண்மை.)

பிறகு இப்படி:

'கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவது குறித்து விதிகள் தெளிவாகவே'

(சிலிண்டர்காரர் வந்துவிட்டார். திரும்பி வந்து படித்தால் பேப்பர் செய்தி மாதிரி இருந்தது.)

பாதியில் நிற்கும் வாக்கியங்களை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் விட்டேன் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுவேன். இது நமக்குள் ஒரு பேச்சு. காரணம் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை விட்டால் என்னைச் சும்மா விடாதீர்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போர் குழி என்று படித்தவுடனேயே ஒரு குழந்தையைத் தேட ஆரம்பித்துவிட்டீர்கள், இல்லையா? மறுக்க வேண்டாம், நானும் தேடினேன். குழந்தை விழும், டிவிக்காரர்கள் வருவார்கள், நாடே பிரார்த்தனை செய்யும், நமக்கும் தொண்டை அடைக்கும். இந்தக் கதையில் குழந்தை விழாது. விழுந்தால்தான் படிப்பேன் என்கிறவருக்கும், விழுந்தால்தான் மூடுவேன் என்கிற எங்கள் நகர்க்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

3

(இந்தப் பகுதியை முழுதாக அடித்து நீக்கிவிட்டேன். இதில் கோகிலவாணியின் தம்பி மகன் தம்மம்பட்டிப் பக்கம் ஒரு குழியில் விழுந்து இறந்துபோயிருந்தான். அவருக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நானாக வைத்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவருக்குத் தம்பியே கிடையாது.)

4

காரணம் இல்லாமல் ஒருவர் பொதுக்காரியம் செய்வார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா உதவ வந்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

நகரிலும் அப்படித்தான் பேசினார்கள். உள்ளாட்சித் தேர்தல் வரும்போது அந்தம்மா நிற்கப்போகிறார் என்றார் ஒருவர். அவர் வீட்டுக்காரர் பூபதி போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார், மூடும் வேலை அவருக்குப் போகும் என்றார் இன்னொருவர். நகர் நலச் சங்கச் செயலாளர் சந்திரசேகர் கோகிலவாணிக்கு நேராகவே போன் போட்டு, படத்தை அழித்துவிடச் சொன்னாராம். தண்ணீர் வராத போர் ஒன்று இங்கே இருப்பது வெளியே தெரிந்தால் மனை விலை இறங்கிவிடும். அவர் கையில் இன்னும் விற்காத மனைகள் இருக்கின்றன. (என் கையிலும் ஒன்று இருக்கிறது. இடத்தை ஏன் சரியாகச் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.)

அந்த வாரக் கடைசியில் பேசினைக் காணவில்லை. கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பேசினை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள். போன தீபாவளிக்குத் துணி எடுத்தபோது கடையில் இலவசமாகக் கொடுத்தது அது. நகரில் பாதி வீடுகளில் அதே நீலப் பேசின் இருக்கிறது. அப்படியும் யாரோ ஒருவர் வந்து, குழிக்குள் இருக்கும் இருட்டைப் பார்த்துவிட்டு, பேசின் நல்ல பேசின் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

விஷயம் ஆறிவிடக் கூடாது என்று கோகிலவாணியே எடுத்து ஒளித்துவைத்திருப்பார் என்று குழுவில் பேச்சு வந்தது. எழுதியவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு முன்னால் அதை நினைத்தவன் நான்.

5

சந்தேகம் தாங்காமல் கோகிலவாணி வீட்டுக்கே போனேன். பூபதியும் இருந்தார். மழைக்காலமாதலால் வண்டியை மத்தியப் பிரதேசத்தில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்திருந்தார். கூடத்தை ஒட்டிய அறையின் கதவு திறந்திருந்தது. மகள் இலக்கியாவின் அறை. அவள் வேலைக்குப் பெங்களூர் போனபிறகு அதில் அட்டைப்பெட்டிகள் குடியேறிவிட்டன. கட்டில்மேல், கட்டிலுக்குக் கீழே, ஜன்னலை மறைத்துக்கொண்டு. பெரும்பாலானவை பிரிக்காதவை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு கோகிலவாணியே சொன்னார்.

"வர்ற வரைக்கும் ஒரு இது இருக்குதுங்கண்ணா. பார்சல் கொண்டார அன்பரசு கேட்டுக்கிட்ட நின்னு கூப்புடறப்ப, நமக்குன்னு ஒண்ணு வந்திருக்குதுன்னு மனசு நெறஞ்சிருக்கும். பிரிச்சா போயிருதுங்க. இப்பெல்லாம் பிரிக்கறதே இல்லை."

தேர்தலில் நிற்கிற எண்ணமா என்று கேட்டேன். இல்லை என்றார். யாராவது சொந்தக்காரர் வீட்டில் இப்படி ஏதாவது நடந்ததா என்றும் கேட்டுப்பார்த்தேன். அதுவும் இல்லை.

"அப்புறம் ஏன் அம்மிணி?"

"அது தெறந்து கெடக்குதுல்லங்க."

அவ்வளவுதான். ஒரு கதாபாத்திரம் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் எந்த வாசகர் ஒத்துக்கொள்வார்? 'சொல்லும்போது அவர் கண்களில் ஒரு'

(விட்டுவிட்டேன். கண்களில் ஒன்றும் இல்லை. அடுப்பில் பால் வைத்திருந்ததால் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.)

உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல், பேப்பரில் வரும் விளம்பரம்வரை படித்துத் தீர்க்கிறவன் நான். இந்தம்மாவுக்கு மட்டும் நடந்துபோகிற வழியில் ஒரு காரணம் கிடைத்துவிடுமா? பொறாமைதான். வேறு சொல் இல்லை.

6

உங்கள் வீட்டுத் தொழிலே இதுதானே, ஒரு லோடு மண்ணைக் கொண்டுவந்து நீங்களே கொட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த பூபதி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பூசை போட்டவன்தானுங்க மூடோணும். அடுத்தவன் குழில நாம கை வெச்சா அந்த வறட்சி நம்ம வண்டில ஏறிக்கும். அப்பறம் எங்க போட்டாலும் பொகைதான்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் கொளுத்தி யார் பெயரில் குழி போட்டார்களோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. மனை போட்டவரோ போனை எடுப்பதில்லை. ஊராட்சியில் கேட்டதற்கு, பார்க் இடம் இன்னும் எங்களிடம் வரவில்லை என்றார்களாம். மனை போட்டவரின் ஆள், எப்போதோ ஒப்படைத்தாயிற்று என்றாராம். ஆக, அது யாருடைய இடமும் இல்லை. பொது இடம் என்றால் எங்கள் நகரில் அதுதான் பொருள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு என்றார் பூபதி. ஊர் கூடி மூடினால் தோஷம் யார்மேலும் நிற்காது. வீட்டுக்கு ஒரு வாளி மண், பாதி வீடுகளுக்குமேல் வந்தாலே ஊர் என்றுதான் கணக்கு. அதன்பிறகு மிச்சத்துக்கு அவரே டிப்பரில் மண் கொண்டுவந்து கொட்டிவிடுவார். ஆனால் முதல் வாளி மட்டும் ரிக் வீட்டு வாளியாக இருக்கக் கூடாது.

கோகிலவாணி அதைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறித்து, வீடு வீடாகப் போய்ச் சொன்னார். குழுவில் போடவில்லை. போட்டால் கட்டைவிரல்தான் வரும் என்பது இதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோரும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: மண்ணுக்கு எங்கே போவது? கேலிக்குக் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் மண் கிடையாது. வாசலில் பேவர் பிளாக், கொல்லையில் சிமெண்ட், துளசிக்குக்கூடத் தொட்டி. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை மரவள்ளிக் காடுதான். ஆனால் காட்டுக்காரரிடம் போய் ஒரு வாளி மண் கேட்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு வீட்டில் ஆன்லைனில் மண் வாங்கினார்கள். அன்பரசு அந்த மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். மண் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று பிறகு மெசேஜும் வந்ததாம்.

நானும் யோசித்தேன். பாதி வீட்டுக்குமேல் வந்தால் போதும் என்றால், நான் ஒருவன் போகாததால் கணக்கு கெட்டுவிடாது. நகரில் இருக்கும் ஒவ்வொருவரும் இதையே யோசித்திருப்பார்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

7

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் பார்க் இடம் தெரியும். கோகிலவாணி வந்துவிட்டார். காலில் அதே ஷூ, பக்கத்தில் வாளி. பூபதி சற்றுத் தள்ளி ஸ்கூட்டரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரும் இல்லை.

முடிவுகளை முன்பே எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன, எல்லோரும் வாளியோடு வருகிறார்கள். நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுதிய நானே நம்பவில்லை.

இன்னொன்றில் யாரும் வரவில்லை. கோகிலவாணி தன் வீட்டுக்குப் போய் இன்னொரு பார்சலுக்கு ஆர்டர் போடுகிறார். இது உங்களுக்குப் பிடிக்கும். யாருக்கும் அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

மூன்றாவதில் அவர் தேர்தலில் நின்று ஜெயித்துவிடுகிறார். அப்போதே நினைத்தேன் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளலாம். இருப்பதிலேயே நிம்மதியான முடிவு இதுதான்.

ஆனால் ஜன்னலிலிருந்து பார்த்தால் நான் எழுதி வைக்காத ஒன்று தெரிகிறது. எதிர் வரிசை வீடுகளில் ஜன்னல் திரைகள் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருக்கின்றன. சந்திரசேகர் தன் மொட்டைமாடியில் நின்று வெகுநேரமாகப் பல் விளக்குகிறார். பல வாசல்களில் வாளி இருக்கிறது. காலி வாளி இல்லை, மண்ணோடு இருக்கிறது. சந்திரசேகர் வாசலிலும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் எங்கெங்கோ போய் மண் எடுத்து வந்து வைத்துவிட்டு, முதலில் யார் போவார்கள் என்று திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் போகிறவருக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்களே.

என் வாளியும் வாசலில்தான் இருக்கிறது. துளசித் தொட்டியைக் கவிழ்த்து எடுத்தது.

சந்திரசேகர் என்னைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறார். இவருக்கென்ன, கதை கிடைத்துவிட்டது என்று நினைப்பார். தப்பில்லை. குழி மூடிவிட்டால் என் கதை முடிந்துவிடும். குழி இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தால் என் மனை விலை போய்விடும். நான் எழுதாமலும் இருக்க முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெயில் ஏறுகிறது. கோகிலவாணி வாளியைத் தூக்கினார். பூபதி போனிலிருந்து தலையை நிமிர்த்தி என்னவோ சொன்னார். கோகிலவாணி கொட்டவில்லை. கீழே வைத்துவிட்டு நிற்கிறார். யாரையும் கூப்பிடவில்லை.

நமக்குள் ஒரு பேச்சு இருந்தது, நினைவிருக்கும். காரணம் சொல்லாமல் வாக்கியத்தைப் பாதியில் விடமாட்டேன் என்றேன். அதை மீறப்போகிறேன். கடைசி வாக்கியம் பாதியில் நின்றிருப்பதைப் பார்த்துவிட்டு, எழுதுகிற ஆள் இறங்கிப்போய் வாளியைத் தூக்கிவிட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைக்கவைத்துவிட்டு நான் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு இது கைவந்த வித்தைதான். இவ்வளவு நேரம் எல்லோரையும் சந்தேகப்பட்டவனை நீங்கள் நம்ப வேண்டாம், நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். இடத்தின் பெயர் தெரியாதே என்று யோசிக்காதீர்கள். பைபாஸில் எங்கே இறங்கி உள்ளே நடந்தாலும் இப்படி ஒரு நகர் இருக்கும், அதில் ஒரு பார்க் இடம் இருக்கும், அங்கே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். வரும்போது வெறுங்கையோடு